ஆறு கம்பிகளுக்கு வெள்ளிப் பூச்சு

ஐம்பத்தொரு வயதிலும் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. முன்மண்டையில் இருந்த முடி எப்போதோ விடைபெற்றுக்கொண்டது. ஆனாலும் டிக்கெட் கிழிப்பவரிலிருந்து கரையில் கயிறு மாட்டுபவர் வரை யாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். காரணம், படகின் தலைமைப் பொறியாளர் அவருடைய மனைவிக்கு அண்ணன். மச்சான் வாங்கிக் கொடுத்த மெக்கானிக் வேலை. மச்சான் வீட்டு மாடியில் குடித்தனம். மாடிப்படி மச்சான் வீட்டுக் கூடத்தின் வழியாகத்தான் ஏறும் என்பதால், அவர் எத்தனை மணிக்கு வந்தார், கையில் என்ன பை, முகத்தில் என்ன வாட்டம் என்பதெல்லாம் தினமும் கீழே பரிசீலனைக்குப் பிறகே மேலே போகும்.

படகு என்றால் துடுப்புப் போடும் படகல்ல. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாளைக்குப் பதினாறு நடை அடிக்கும் இரும்புப் படகு. ஒரு நடைக்கு முந்நூறு பேர், முப்பது வண்டிகள். அதன் அடிவயிற்றில் மின்சாரத்துக்கென்று இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. விளக்கு எரிவதும், சுக்கான் திரும்புவதும், வண்டிகள் ஏறி இறங்கும் முன்கதவு மேலே எழும்புவதும் அவற்றின் தயவில்தான். அந்த இரண்டையும் ஓட வைப்பது மாப்பிள்ளையின் வேலை. ஓடுகின்றன என்று எழுதி வைப்பது மச்சானின் வேலை.

எழுதுவதில் மச்சானை மிஞ்ச ஆளில்லை. படகில் எல்லோரும் அவரை ‘சீஃப்’ என்றார்கள். அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ‘சீஃபுக்குத் தலை வலிக்குது’ என்பார். இயந்திர அறைக்குள் வெள்ளைக் கையுறை இல்லாமல் நுழைய மாட்டார். அந்தக் கையுறை எட்டு வருஷமாக அதே வெள்ளையில் இருந்தது. மாதம் பிறந்ததும் பராமரிப்புப் பதிவேட்டை வரவழைத்து, ஒரு டீயை வைத்துக்கொண்டு, முப்பது நாளுக்கும் சேர்த்து ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ரப்பர் முத்திரை குத்திவிடுவார். இயந்திரம் அந்த மாதம் ஓடத் தொடங்கும் முன்பே அதன் பராமரிப்பு முடிந்துவிடும். மாப்பிள்ளை கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இதுவரை அதில் பெரிய பொய் இருந்ததில்லை. முத்திரை முன்னால் விழுந்தாலும் வேலையை மாப்பிள்ளை பின்னால் செய்துவிடுவார். வடிகட்டியைக் கழுவுவார், எண்ணெய் மாற்றுவார், வால்வு இடைவெளியைத் தகடு விட்டு அளப்பார், பிறகுதான் பேனாவை எடுப்பார். தன் கையெழுத்துக்கு மேலே என்ன பொய் இருந்தாலும் அது கீழே இறங்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒரே கௌரவம். அதைக்கூட அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த மாதம், கம்பெனித் தலைவரே நேரில் வந்து ‘சிறந்த இயந்திர அறை’க் கேடயத்தை வழங்கப்போவதாகக் கடிதம் வந்தது. போட்டியில் மொத்தம் இரண்டு படகுகள். இன்னொன்று பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. ஆகவே போட்டி கடுமையாக இருக்கும் என்று சீஃப் எல்லோரையும் எச்சரித்தார்.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. ஏணிக்குக் கீழே சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்டது. ஒரே நாளில் அது எண்ணெயைக் குடித்துவிட்டதால் திருப்பி விரிக்கப்பட்டது. ‘இயந்திரமே நம் இதயம்’ என்று பலகை எழுதி மாட்டினார்கள். பிளாஸ்டிக் ரோஜாக்கள் வைத்த ஆளுயர ஜாடி ஒன்று வந்தது. கடைசியாக, ஏணிக்கு எதிரே நிற்கும் இரண்டாம் எண் ஜெனரேட்டருக்குத் தலை முதல் கால் வரை வெள்ளிப் பெயிண்ட், இரண்டு பூச்சு, துப்பாக்கி வைத்து அடித்தார்கள். பின்னால் இருட்டில் நிற்கும் முதலாம் எண் விருந்தாளிகள் கண்ணில் படாது என்பதால் தன் பழைய கறுப்பிலேயே விடப்பட்டது. பெயிண்ட் அடித்தவர்கள் எதை மூட வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்டார்களாம். “எல்லாம் மின்னணும்” என்றாராம் சீஃப். அன்று மாப்பிள்ளைக்கு வாரவிடுமுறை.

தலைவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இரண்டாம் எண்ணுக்கு ஐந்நூறு மணி நேர வேலை வந்தது. மதியம் இரண்டு மணி நேரம் படகு கட்டிக் கிடக்கும். கரை மின்சாரத்தை மாட்டிவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தலாம். மாப்பிள்ளை எண்ணெயை வடித்து, புதிதை ஊற்றி, வடிகட்டியை மாற்றிவிட்டு, பக்கவாட்டில் குனிந்தார்.

அந்தப் பக்கத்தில் ஆறு சிலிண்டருக்கும் ஆறு டீசல் பம்புகள். ஒவ்வொரு பம்பிலிருந்தும் விரல் தடிமனில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி உள்ளே போனால் டீசல் கூடும். வெளியே வந்தால் குறையும். மின்சாரச் சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் கவர்னர் என்கிற வேகக்காவல் கருவி ஆறு கம்பிகளையும் ஒன்றாகத் தள்ளும், இழுக்கும். நிறுத்திய இயந்திரத்தில் அந்தக் கம்பிகளை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பது ஐந்நூறு மணி நேர வேலையில் கடைசி வரி. ஒரு விரலுக்கு நகர வேண்டும்.

மாப்பிள்ளை தள்ளினார். நகரவில்லை. அடுத்தது கொஞ்சம் முனகிக்கொண்டு நகர்ந்தது. அதற்கடுத்தது கல்லாட்டம் நின்றது.

“ஏய் சங்கு, இங்க வா.”

சங்கு எண்ணெய் விடுகிற ஆள். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரலில் பேசுகிற, மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

“என்ன மாப்ளண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“இந்தக் கம்பிய ஒரு விரலால தள்ளு.”

சங்கு தள்ளினான். பிறகு இரண்டு விரல். பிறகு உள்ளங்கை.

“ஓசி டிக்கெட்டுல முன்சீட்டுல உட்கார்ந்தவன் மாதிரி அசையவே மாட்டேங்குதே!”

“கத்தாத. பெயிண்ட் உள்ள இறங்கிக் காஞ்சிருக்கு. ஆறுல நாலு இறுகிப்போச்சு. இதப் பாரு.” இயந்திரத்தின் முனையில் ஒரு சின்னக் கொக்கியைக் காட்டினார். வேகம் எல்லை மீறினால் தானாகத் தட்டிவிட்டு இயந்திரத்தை நிறுத்துகிற கொக்கி; கடைசிக் காவல். அதுவும் வெள்ளியில் குளித்து, இருந்த இடத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

“ரெண்டு நாளா ஓடிக்கிட்டுதானே இருக்கு?”

“கவர்னர் பலமாத் தள்ளி இழுக்குது, அதனால ஓடுது. சூட்டுல இன்னும் இறுகும். ஒரு நாள் பெரிய சுமை பட்டுன்னு விலகும்போது கம்பி திரும்பி வரலேன்னா?”

சங்கு முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினான். “வரலேன்னா?”

“பிச்சுக்கிட்டு ஓடும். நிறுத்த முடியாது. கடைசில வெடிக்கும்.”

சீஃப் தன் அறையில் நன்றியுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விஷயம் குடும்ப விஷயமாகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி.

“சரி, என்ன செய்யணும்ங்குற?”

“பெயிண்ட்டச் சுரண்டணும் சார். கம்பி, இணைப்பு, கொக்கி எல்லாத்தையும். ரெண்டு மணி நேரம் போதும்.”

“சுரண்டினா எப்படி இருக்கும்?”

“வேலை செய்யும் சார்.”

“பார்க்க எப்படி இருக்கும்னு கேட்டேன்.”

மாப்பிள்ளை யோசித்தார். “சொறி பிடிச்ச மாதிரி இருக்கும்.”

“நாளை மறுநாள் தலைவர் வர்றார். சொறி பிடிச்ச இஞ்சினைக் காட்டி நான் கேடயம் வாங்கணும். இல்லையா மாப்ள?”

“அப்ப அவர் வந்துட்டுப் போற வரைக்கும் ஒண்ணாம் நம்பரை ஓட்டலாம்.”

“பெயிண்ட் அடிச்சது ரெண்டாம் நம்பருக்கு. ஓடறது ஒண்ணாம் நம்பரா? சீஃபோட மானம் எங்க ஓடும்?” பதிவேட்டைத் திறந்து அன்றைய பக்கத்தைத் திருப்பி வைத்தார். ‘எரிபொருள் கம்பிகள் தடையின்றி நகர்கின்றன’ என்ற வரிக்கு எதிரே முத்திரை ஏற்கெனவே கம்பீரமாக விழுந்திருந்தது. “முத்திரையே குத்தியாச்சு. அப்புறம் என்ன நகரலேங்குற? போடு கையெழுத்த.”

“நாளைக்கிப் போடறேன் சார்.”

“மாப்ள.” சீஃப் குரலில் தேன் ஒழுகியது. “நாம ஒரே கூரைக்குக் கீழ இருக்கறவங்க. அது யார் கூரைன்னு நான் சொல்ல மாட்டேன். தங்கச்சி வருத்தப்படுவா.”

சாயங்காலம் கூடத்தைக் கடந்து மாடியேறியபோது, விஷயம் அவருக்கு முன்பே ஏறிப் போயிருந்தது தெரிந்தது. மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். அக்கரையில் ஒரு தையல் நிலையத்தில் வேலை அவளுக்கு. படகில் தினமும் குடும்பப் பாஸில் போய் வந்தாள்.

“அண்ணி சொன்னாங்க. அண்ணன் சாப்பிடலியாம். அந்தக் கேடயத்துக்குக் கூடத்துல ஆணிகூட அடிச்சாச்சு. இந்த நேரத்துல உங்களுக்கு என்னங்க கம்பி?”

“இங்க பாரு.” அவர் அடுப்புத் திருகைக் காட்டினார். “பால் பொங்குது. நீ என்ன செய்வ?”

“குறைப்பேன்.”

“இந்தத் திருகு திரும்பல. ஒட்டிக்கிச்சு.”

“சிலிண்டரை மூடுவேன்.”

“அதையும் பெயிண்ட் அடிச்சு ஒட்டியாச்சு.”

அவள் ஒரு கணம் திருகையே பார்த்தாள். பிறகு பாலை இறக்கினாள். “எட்டு வருஷமா சீஃபா இருக்கார். அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்?”

இதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் அன்று மாடியிலும் சாப்பாடு இறங்காது. அவர் சொல்லவில்லை.

மறுநாள் மதியம், சீஃப் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில், மாப்பிள்ளை இரண்டாம் எண்ணை நிறுத்திவிட்டுச் சுரண்டினார். சங்கு ஏணியடியில் காவல் நின்றான். முதலில் தகட்டால், பிறகு கரைப்பானில் நனைத்த துணியால், பிறகு மெல்லிய எமரித் தாளால். ஒவ்வொரு கம்பியாக இணைப்பைக் கழற்றி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி. வெள்ளித் தூள் மூக்கில் ஏறித் தும்மலாக வந்தது. நாலாவது கம்பியின் இணைப்பில் மட்டும் இருபது நிமிஷம் போனது. கொக்கியை விடுவித்தபோது அது ‘டக்’கென்று விழுந்த சத்தம், சின்னப் பிள்ளை முதல் தடவையாக அப்பா என்று சொன்னதுபோல அவருக்கு இருந்தது. ஆறு கம்பிகளையும் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தார். போயின, வந்தன.

பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

சீஃப் வந்து பார்த்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. பளபளக்கும் இயந்திரத்தின் இடுப்பில் ஒரு முழ நீளத்துக்கு உரித்த இடம். திட்டவும் நேரமில்லை, மறுபடி பூசினால் விடிவதற்குள் காயாது. சுற்றும் முற்றும் பார்த்தவர் கடைசியில் பிளாஸ்டிக் ரோஜா ஜாடியைத் தன் கையாலேயே தூக்கி வந்து அந்த இடத்துக்கு முன்னால் வைத்தார். எட்டு வருஷத்தில் இயந்திர அறையில் அவர் கை வைத்துச் செய்த முதல் வேலை அதுதான் என்று சங்கு பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

தலைவர் வந்தார். மூன்று படி இறங்கினார். நாலாவது படியில் நின்று காதைப் பொத்திக்கொண்டார். அந்த நேரம் முன்கதவு மேலே எழும்பி முடிந்து அதன் மோட்டார் நின்றது. இயந்திரத்துக்கு அது தலையிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி. சத்தம் சட்டென்று மேலே ஏறும். மாப்பிள்ளை மனசுக்குள் எண்ணினார். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் கம்பிகள் திரும்பி வந்துவிட்டன. சத்தம் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அந்த அறையில் நடந்த ஒரே அதிசயம் அதுதான். வேறு யாரும் கேட்கவில்லை.

“பூ ரொம்ப நல்லா இருக்கு” என்றார் தலைவர்.

கேடயம் ஆணிக்குப் போனது. மாப்பிள்ளை பட்டறைக்குப் போனார். உத்தரவில் ‘நிர்வாக வசதி’ என்று இருந்தது. ‘அழகுணர்ச்சிக் குறைவு’ என்று எழுத நினைத்து அடித்துவிட்டதாகக் கேள்வி. பட்டறை, படகு நிற்கும் துறைக்குப் பக்கத்திலேயேதான். பட்டறையில் பழுதாகிக் கிடந்த அந்த இன்னொரு படகின் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பது புது வேலை. “ஒனக்குத்தான் சுரண்டறது ரொம்பப் பிடிக்குமே மாப்ள” என்றார் சீஃப், கூடத்தில் எல்லோர் முன்னாலும். அண்ணி சிரித்தாள். மனைவி காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

புது மெக்கானிக் நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்கிறவர். கேடயத்துக்கு அழகாயிருக்க வேண்டுமென்று உரித்த இடத்தில் மறுபடி இரண்டு பூச்சு பூசினார். கேடயம் வாங்கிய இயந்திரம் என்பதால் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்; ஆகவே இரண்டாம் எண்ணே தினமும் ஓடியது.

பட்டறையில் துரு தட்டும்போது மாப்பிள்ளைக்குப் படகின் சத்தம் தெளிவாகக் கேட்டது. முன்கதவு எழும்பி மோட்டார் நிற்கும். சத்தம் ஏறும். அவர் சுத்தியலை நிறுத்திவிட்டு எண்ணுவார். முதல் வாரம் இரண்டில் இறங்கியது. அடுத்த வாரம் மூன்று. மழை பெய்த நாளில் நான்கு.

கூடத்தில் ஒரு நாள் நின்று பேசிப் பார்த்தார்.

“மச்சான், நாலு வரைக்கும் போகுது.”

“என்ன நாலு?”

“சத்தம் இறங்க.”

சீஃப் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நீ பட்டறையில உட்கார்ந்து சத்தத்தை எண்ணுற. நான் கம்பெனிக்கு என்ன சொல்லட்டும்? என் மாப்பிள்ளைக்குக் காதுல ஒரு மாதிரி ஆயிடுச்சுன்னா?”

மாப்பிள்ளை தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து நாளில் அது ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு படகின் தலைமைப் பொறியாளருக்கே வந்து சேர்ந்தது. சீஃப் அதில் ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். மாலையில் மாப்பிள்ளை கூடத்தைக் கடந்தபோது யாரும் தலை நிமிரவில்லை. மாடியில் மனைவி கேட்டாள்: “எங்க அண்ணன் மேலயே மொட்டைக் கடுதாசி போட்டீங்களா?”

“மொட்டை இல்ல. கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன்.”

அவள் அதற்கு மேல் பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

நாலாம் நாள் காலை, துறைக்கு எப்போதும் தனியாகப் போகிறவள், செருப்பை மாட்டிக்கொண்டு இவருக்காக நின்றாள். இரண்டு பேரும் துறைக்கு நடந்தார்கள். படகு வந்து நின்று, இறக்கி, ஏற்றிக்கொண்டிருந்தது. ஏழு மணி நடைக்கு வரிசை நீண்டிருந்தது. பாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வரிசைக்குப் போகாமல் நின்றாள்.

“எந்த இடத்துல எண்ணுவீங்க?”

“கதவு மூடினதும். இரு.”

அந்த நடையின் கதவு எழும்பியது. மோட்டார் நின்றது. படகின் வயிற்றிலிருந்து சத்தம் ஏறத் தொடங்கியது. அவர் வாய்விட்டு எண்ணவில்லை. அவள்தான் எண்ணினாள், தையல் எண்ணுகிற மாதிரி மெதுவாக உதட்டை அசைத்து. ஐந்து. ஆறு. மேல்தளத்தில் விளக்குகள் கொஞ்சம் அதிகமாகப் பிரகாசித்தன. ஏழு. எட்டு. சத்தம் வேண்டாவெறுப்பாக இறங்கியது.

“இப்ப பால் பொங்குதா?” என்றாள்.

“விளிம்புக்கு வந்துடுச்சு.”

அவள் பாஸைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். பாலம் சுற்றிப் போகிற பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தையல் நிலையத்தில் நேரத்துக்கு வராதவர்களைப் பற்றி மேற்பார்வைக்காரி என்ன பேசுவாள் என்பதும், மாலையில் கூடத்தில் என்ன பேச்சு நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

அடுத்த நடைக்கு வரிசையில் நின்ற ஒருத்தி இவளைப் பார்த்துக் கை காட்டினாள். பக்கத்துத் தையல் இயந்திரக்காரி. படகில் தினமும் இவளுக்கு இடம் பிடித்து வைக்கிறவள்.

“என்னடி அங்கயே நிக்கிற? வா, ஜன்னல் சீட்டு போயிடும்.”

“இன்னிக்கி பஸ்ஸுல போலாம் வா.”

“பஸ்ஸுலயா? ஏன்?”

“இஞ்சின் சரியில்ல. இவரு சொல்றாரு.”

தோழி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். துருத்தூள் ஏறிய சட்டை, கையில் சுத்தியல் பை. பிறகு கரையை விட்டு விலகிக்கொண்டிருந்த படகின் நெற்றியில் புதிதாக எழுதியிருந்ததைப் பார்த்தாள்: ‘சிறந்த இயந்திர அறைக் கேடயம் பெற்ற படகு.’

“நல்லாருக்கே கதை! உங்க அண்ணன் படகுல ஊரே போகுது, நீ பஸ்ஸுல போறியா? வீட்ல எதும் சண்டையா?”

பதிலுக்குக் காத்திராமல், வரிசை நகர்ந்ததால், அவளும் நகர்ந்தாள்.

பஸ் நிறுத்தம் துறைக்கு மேலே, மேட்டில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் படகு பொம்மை மாதிரி தெரியும். அவள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். எட்டு மணி நடை புறப்படத் தயாரானது. முந்நூறு பேர், முப்பது வண்டிகள். ஜன்னலோரம் தோழி இருப்பாள்; அடித்தளத்தில் சங்கு எண்ணெய்க் குவளையோடு இருப்பான். கதவு எழும்பியது.

இரண்டு பேரும் எண்ணினார்கள். ஒன்பதில் சத்தம் இறங்கியது. பஸ் இன்னும் வரவில்லை.